கார் ஸ்ரார்ட் ஆகவில்லையா? காசு கொடுக்க முன் அளந்து பாருங்கள்

கனடாவில் எம்மவர் பலர் வேலை செய்யும் தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் பேருந்து ஒழுங்காகப் போகாத இடங்களில்தான் இருக்கின்றன. காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும் ஒருவருக்குக் கார் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஏஜென்சி மூலம் வேலை செய்பவராக இருந்தால் அடுத்த கிழமை அழைப்பும் வராமல் போகலாம். அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "பற்றரி போச்சுது" என்பார். மச்சான் தொலைபேசியில் "ஸ்ரார்ட்டர்தான்" என்பார். கராஜில் "ஓல்ரனேற்றரையும் சேர்த்து மாத்துங்கோ" என்பார்கள். மூவரில் ஒருவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் மூவருமே எதையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

நான் வணிகம் படித்துக் கணக்காளராக வேலை செய்பவன், மெக்கானிக் இல்லை. ஆனாலும் காரின் மின்சாரம் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. பற்றரியிலிருந்து புறப்படும் 12 வோல்ற் வழியில் எங்கேயாவது குறைந்தால், குறைந்த இடத்தை மீற்றர் காட்டிக் கொடுத்துவிடும். அளக்காமல் பாகங்களை மாற்றுவது, பரீட்சை மீதி பொருந்தவில்லை என்றதும் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. இருபது முப்பது டொலருக்கு வாங்கக்கூடிய ஒரு மல்ரிமீற்றர், உதவிக்குத் திறப்பைத் திருப்ப இன்னொருவர், இவ்வளவும் இருந்தால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்.

முதலில் பாதுகாப்பு. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ற் உங்களை உலுக்காது. ஆனால் பிளஸ் முனைக்கும் காரின் இரும்புக்கும் நடுவே பொன் மோதிரம் அகப்பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பற்றரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ற்.

மின்சாரம் போகும் வழி

ஸ்ரார்ட் ஆவதற்கு இரண்டு பாதைகள் வேலை செய்ய வேண்டும். ஒன்று மெல்லிய வயர்ப் பாதை: திறப்பு அல்லது பொத்தான், கியர் சுவிட்ச், பியூஸ், ரிலே, அங்கிருந்து ஸ்ரார்ட்டரின் மேலிருக்கும் சொலினொயிட். இதில் ஓடுவது சில அம்பியர்தான். இது ஒரு அனுமதிக் கையொப்பம் போன்றது. அனுமதி கிடைத்ததும் சொலினொயிட் "டக்" என்று மூடி, தடித்த கேபிள் பாதையைத் திறக்கும். சிறிய கார் ஒன்றிலேயே அந்தப் பாதையில் 100 முதல் 200 அம்பியர் வரை ஓடும், குளிரில் இன்னும் கூடும்.

பலர் மறப்பது திரும்பும் வழியை. ஸ்ரார்ட்டருக்குப் போன மின்னோட்டம் முழுவதும் என்ஜின் இரும்பு வழியாகவும் ஏர்த் கேபிள் வழியாகவும் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பி வர வேண்டும். போன வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பும் வழி கறள் பிடித்திருந்தால் மோட்டர் சுழலாது.

இந்த மோட்டரின் பூர்வீகம் கணக்காளர்களுக்குப் பிடிக்கும். 1911இல் மின்சார ஸ்ரார்ட்டரை உருவாக்கிய சார்ல்ஸ் கெற்றறிங் அதற்கு முன் நாஷனல் காஷ் றெஜிஸ்ரர் நிறுவனத்தில் காசுப் பெட்டிக்கு மின்மோட்டர் பொருத்தியவர். காசுப் பெட்டி ஒரு கணம்தான் இயங்கும். ஆகவே சிறிய மோட்டரிலிருந்து ஒரு கணத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிய வேலை வாங்கலாம் என்பதை அங்கே கண்டுகொண்டார். 1912 கடிலாக் கார் அந்த யோசனையோடுதான் வந்தது. இன்றும் ஸ்ரார்ட்டரின் தன்மை அதுதான். பத்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து திறப்பைத் திருப்பிப் பிடித்தால் எரியத் தொடங்கும். பத்து செக்கன் முயன்றுவிட்டு ஓரிரு நிமிடம் ஆற விடுங்கள்.

ஊரில் மொறிஸ் மைனரையும் ஓஸ்ரின் ஏ40ஐயும் முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றியோ நாலு பேர் தள்ளியோ ஓட்டியவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, ரோர்ச் பற்றரியும் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெயில் கார் ஓடியது, சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சில பெரியவர்கள் "தள்ளிப் பாருங்கோ" என்பார்கள். ஓட்டோமற்றிக் கியர் காரைத் தள்ளி ஸ்ரார்ட் செய்ய முடியாது. என்ஜின் ஓடாதபோது சில்லுக்கும் என்ஜினுக்கும் நடுவே பிடிப்பு இல்லை.

முதலில் காது கொடுங்கள்

என்ஜின் வழமைபோல் வேகமாகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பற்றரிக்கும் ஸ்ரார்ட்டருக்கும் காசு செலவழிக்க வேண்டாம். அவை தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பழுது எரிபொருளில், பிளக்கில், சென்சரில் அல்லது திருட்டுத் தடுப்புப் பூட்டில் இருக்கும். கனடாவில் 2007 செப்டெம்பர் 1 முதல் புதிய கார்களில் இமொபிலைசர் எனும் இந்தப் பூட்டு கட்டாயம். திறப்பினுள் இருக்கும் சிறு சிப்பைக் கார் அடையாளம் காணாவிட்டால் டாஷ்போட்டில் திறப்பு அல்லது பூட்டுப் படம் மின்னும். சில கார்களில் என்ஜின் சுழன்றும் ஓடாது, சிலவற்றில் சுழலவே சுழலாது. இரண்டாவது திறப்பால் முயன்று பாருங்கள். அதில் ஓடினால் பழுது காரில் அல்ல, திறப்பில்.

என்ஜின் சுழலவே இல்லையென்றால் சத்தத்தைக் கவனியுங்கள். "டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனை சரியாகப் பிடிக்கவில்லை. சொலினொயிட் மூடுகிறது, மூடியதும் அழுத்தம் விழுகிறது, விழுந்ததும் திறக்கிறது. ஒரே ஒரு பலத்த "டக்", பிறகு அமைதி என்றால் அனுமதி கிடைத்துவிட்டது, பெரிய மின்னோட்டம்தான் போகவில்லை. தடித்த கேபிள், ஏர்த், ஸ்ரார்ட்டர் மூன்றும் சந்தேக நபர்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் மெல்லிய பாதையைப் பார்க்க வேண்டும். விசிறி மாதிரி "விர்" என்று ஓடி என்ஜின் அசையவில்லையென்றால் ஸ்ரார்ட்டரின் பல்லுச்சக்கரம் பிடிக்கவில்லை. அது கராஜ் வேலை.

கூடவே உள்ளே மேல்கூரை லைட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். லைட் மங்கி அணையப் பார்த்தால் பற்றரி அல்லது இணைப்பு. லைட் அசையாமல் எரிய, கார் மௌனமாக இருந்தால் பற்றரியில் குற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு. முன் லைட்டை வைத்துப் பார்ப்பது பழைய முறை. இப்போதைய பல கார்கள் ஸ்ரார்ட் செய்யும்போது தாங்களாகவே முன் லைட்டை நிறுத்துவதால் அது ஏமாற்றும்.

பற்றரி: இருப்பு வேறு, கையில் காசு வேறு

சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றரை வையுங்கள். 12.6 வோல்ற் அல்லது மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் அரைப் பங்கு, 12.0 என்றால் கால் பங்கு. 11.9க்குக் கீழே போனால் வெறுமை. முக்கால் வோல்ற் வித்தியாசத்துக்குள் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. ஆகவே "12 வோல்ற் காட்டுது, பற்றரி நல்லம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதைவிட முக்கியம் சுமையோடு அளப்பது. ஐந்தொகையில் சொத்து நிறைய இருக்கும், சம்பள நாளில் வங்கியில் காசு இருக்காது. பழைய பற்றரியும் அப்படித்தான். சும்மா நிற்கும்போது 12.6 காட்டும், 150 அம்பியர் கேட்டதும் 7க்கு விழும். மீற்றரை முனைகளில் வைத்தபடி இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். இதமான காலநிலையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே போகக்கூடாது. கடும் குளிரில் அதிலிருந்து ஒரு வோல்ற் வரை குறைவதை மன்னிக்கலாம். ஏற்கெனவே 12.2இல் நிற்கும் பற்றரியை இப்படிச் சோதித்துத் தீர்ப்பளிப்பது நியாயமில்லை. முதலில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுச் சோதியுங்கள்.

குளிர் இரண்டு பக்கமும் அடிக்கிறது. மறை 18 பாகையில் பற்றரி தரும் வலு கோடையில் தருவதில் ஏறக்குறைய பாதிதான். ஒயில் தடித்துப் போவதால் என்ஜினோ வழமையைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. பற்றரி மேல் எழுதியிருக்கும் குளிர் ஸ்ரார்ட் அம்பியர் எண் இந்த வெப்பநிலைக்குத்தான் கணிக்கப்பட்டது: 30 செக்கனுக்கு 7.2 வோல்ற்றுக்குக் கீழே விழாமல் கொடுக்கக்கூடிய அம்பியர். கார் கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் குறைந்ததை மலிவு என்று வாங்காதீர்கள். சிக்னலில் தானாக நின்று தானாக ஓடும் கார்களுக்கு அதற்குரிய வகைப் பற்றரியே வேண்டும்.

முற்றாக இறங்கிய பற்றரி பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்துவிடும். நிறைந்த பற்றரி எங்கள் எந்தப் பனிக்காலத்திலும் உறையாது. பக்கங்கள் புடைத்த, உறைந்த பற்றரிக்கு ஜம்பர் கேபிள் போடவே கூடாது. வெடிக்கலாம். நல்ல நிலையில் உள்ளதற்குப் போடும் ஒழுங்கு: இறங்கிய பற்றரியின் பிளஸ், நல்ல பற்றரியின் பிளஸ், நல்ல பற்றரியின் மைனஸ், கடைசி முனை இறங்கிய காரின் என்ஜின் இரும்பில், பற்றரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பற்றரியிலிருந்து வாயு கசியும் என்பதே காரணம்.

ஊபர் ஓட்டும் எங்கள் பிள்ளைகள் கவனிக்க: பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் பெரிய பற்றரியோடு ஒரு சாதாரண 12 வோல்ற் பற்றரியும் உண்டு. அது இறங்கினால் கார் முழுவதும் செத்தது போல் நிற்கும். பயந்து பெரிய பற்றரிக்கு விலை கேட்க முன் சின்னதை அளந்து பாருங்கள்.

கேபிளில் காணாமல் போகும் வோல்ற்

பற்றரி நல்லது, ஆனால் ஒரு "டக்" மட்டும்தான் என்றால் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்ரார்ட்டரை மாற்ற யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயக் குற்றியிலேயே வையுங்கள். கவ்வியில் அல்ல, குற்றியில். மற்ற முனையைச் சுத்தமான என்ஜின் இரும்பில் வையுங்கள். திறப்பைத் திருப்பும்போது மீற்றர் 0.2 வோல்ற்றுக்குள் காட்டினால் திரும்பும் வழி நல்லது. 0.5ஐத் தாண்டினால் அங்கேதான் பழுது. அதேபோல் பிளஸ் குற்றிக்கும் ஸ்ரார்ட்டரின் தடித்த முனைக்கும் நடுவே அளந்தால் போகும் வழியின் இழப்புத் தெரியும். அங்கும் 0.5 மேல் எல்லை. குற்றியில் வைத்தபோது இழப்புக் காட்டி, கவ்விக்கு மாற்றியதும் இழப்பு மறைந்தால் பழுது குற்றிக்கும் கவ்விக்கும் நடுவே. கழற்றி, பூத்திருக்கும் வெள்ளையையும் பச்சையையும் சுடுநீரும் சமையல் சோடாவும் போட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் சரி. செலவு ஒரு டொலர் வராது.

இதை ஏன் திறப்பைத் திருப்பும்போது செய்ய வேண்டும்? ஒரு கேபிளில் கறளால் 0.01 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். மலிவான மீற்றர் அதைப் பூச்சியம் என்றே காட்டும். பார்ப்பவர் "கேபிள் நல்லம்" என்பார். ஆனால் 150 அம்பியர் ஓடும்போது 150 × 0.01, அதாவது 1.5 வோல்ற், அந்தக் கேபிளிலேயே தொலைந்துவிடும். குளிர் காலையில் 9.5 மட்டும் இருக்கும் பற்றரியிலிருந்து ஸ்ரார்ட்டருக்குப் போய்ச் சேர்வது 8. ஒருவரும் காசு கேட்டு வராதவரை வங்கிக் கணக்கில் உள்ள ஓட்டை தெரிவதில்லை அல்லவா, அதுதான்.

பனிக்கு வீதியில் உப்புக் கொட்டும் நாட்டில் இது அரிய பழுது இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒரே பனிக்காலத்தில் புதுப் பற்றரி போட்டார்கள், பிறகு ஸ்ரார்ட்டர் மாற்றினார்கள், எண்ணூறு டொலருக்கு மேல் போனது. மாசியில் கார் திரும்பவும் நின்றது. என்ஜினிலிருந்து உடலுக்குப் போகும் ஏர்த் கேபிள் உறைக்குள்ளே பச்சைத் தூளாகியிருந்தது. வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்ததாம். மீற்றர் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரை மட்டும் எடுத்துப் பற்றரியின் மைனஸிலிருந்து என்ஜின் இரும்புக்கு நேராகப் போடுங்கள். கார் உடனே ஓடினால் ஏர்த் கேபிள்தான் குற்றவாளி.

இரண்டு பக்கமும் இழப்பு இல்லை, சொலினொயிட்டின் மெல்லிய வயருக்கும் 12க்குக் கிட்ட வருகிறது, ஆனாலும் மோட்டர் அசையவில்லை என்றால்தான் ஸ்ரார்ட்டருக்கு விலை கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால்

கியரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி முயலுங்கள். அதில் ஓடினால் கியர் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் காரில் கிளட்ச் பெடலின் கீழே உள்ள சிறு சுவிட்சைப் பாருங்கள். பொத்தான் கார்களில் பிரேக்கை மிதித்ததும் பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையென்றால் பிரேக் சுவிட்ச் அல்லது அதன் பியூஸ். நீங்கள் மிதிப்பது காருக்குத் தெரியவில்லை, அதனால் அனுமதி தரவில்லை. திறப்பினுள் இருக்கும் காசு வடிவப் பற்றரி இறங்கியிருந்தால், பல கார்களில் திறப்பையே பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமர்த்தலாம். எங்கே பிடிப்பது என்பது கையேட்டில் இருக்கும்.

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எது என்று படம் உண்டு. ஸ்ரார்ட்டர் ரிலேயும் ஹோர்ன் ரிலேயும் பல கார்களில் ஒரே வகை. எண்கள் ஒத்திருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதில் பெரிய அம்பியர் பியூஸைப் போடவே கூடாது. அது எரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், பெரியதைப் போட்டால் அடுத்தது வயர் எரியும்.

இரவில் ஒழுகும் மின்சாரம்

வெள்ளிக்கிழமை நன்றாக ஓடிய கார் திங்கள் காலை செத்துக் கிடந்தால், புதுப் பற்றரி போட்டும் மூன்றாம் கிழமை அதே கதி என்றால், ஒன்றில் சார்ஜ் வரவில்லை, அல்லது நிற்கும்போது யாரோ குடிக்கிறார்கள். முதலாவதைப் பார்ப்பது சுலபம். என்ஜின் ஓடும்போது முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.7 வோல்ற் இருக்க வேண்டும். 12.5இலேயே நின்றால் ஓல்ரனேற்றர் அல்லது அதன் பெல்ற், வயர்.

நிற்கும் கார் 50 மில்லி அம்பியர் வரை எடுப்பது வழமை. ஒரு நாளில் 1.2 அம்பியர் மணி, 60 அம்பியர் மணிப் பற்றரிக்கு அது பொருட்டில்லை. டாஷ் கமரா, பிறகு பூட்டிய ரிமோட் ஸ்ரார்ட்டர், அணையாத டிக்கி லைட் என ஏதோ ஒன்று 500 மில்லி அம்பியர் எடுத்தால் நாளுக்கு 12. இரண்டரை நாளில் பாதிப் பற்றரி காலி. இதை அளக்க மைனஸ் கேபிளைக் கழற்றி, மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் குற்றிக்கும் நடுவே இணைக்க வேண்டும். காரின் கணினிகள் உறங்க அரை மணி நேரமாவது பொறுங்கள். மீற்றர் அப்படி இருக்கும்போது திறப்பைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் போய்விடும். எண் அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில் ஆள் இருக்கிறார்.

கோவிலுக்கும் பாடசாலைக்கும் மட்டும் பத்து நிமிடம் ஓடும் கார்களுக்குப் பழுதே தேவையில்லை. ஸ்ரார்ட் செய்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. 150 அம்பியர் மூன்று செக்கன் என்றால் 0.125 அம்பியர் மணிதான். ஆனால் உறைந்த பற்றரி சார்ஜை மெதுவாகவே ஏற்கும், பின் கண்ணாடிச் சூடு, இருக்கைச் சூடு, விசிறி எல்லாம் அந்தப் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டே இருக்கும். கிழமைக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், அல்லது சிறிய சார்ஜர் ஒன்றை இரவில் பூட்டுங்கள்.

கராஜில் பேசும்போது

ஒரு துண்டுத் தாளில் நாள், வெளியே குளிர் எத்தனை பாகை, நிற்கும்போது எத்தனை வோல்ற், திருப்பும்போது எத்தனை, கேட்ட சத்தம் என்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் சரளமில்லாத அம்மாவுக்கும் பெரியவர்களுக்கும் இந்தத் தாளே பாதி பேசும். "ஸ்ரார்ட்டர் மாற்ற வேண்டும்" என்று சொன்னால் "அதற்கு எத்தனை வோல்ற் போய்ச் சேர்கிறது?" என்று கேளுங்கள். அளந்த மெக்கானிக் எண்ணைச் சொல்வார், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு.

ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருத்த முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதிப் பில் அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். வேலை தொடங்க முன்பே கேட்டு வையுங்கள். போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. அதற்குள் அதே பழுது திரும்பினால் பில்லை எடுத்துக்கொண்டு அதே கராஜுக்கே போங்கள். வேறிடத்தில் காசு கொடுத்துத் திருத்திவிட்டுப் பிறகு கேட்பது கடினம்.